நல்லிக்குள் ஓர் ஊர்

ஆட்டுக்கால் குழம்பில் கிடக்கும் நல்லி எலும்பைத் தட்டில் இரண்டு தட்டு தட்டி, வாயில் வைத்து உறிஞ்சத் தெரியாத அசைவப் பிரியர் தமிழ்நாட்டில் அரிது. உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு வரும் அந்தக் கொழகொழப்புக்கு உடம்பில் என்ன வேலை? 1868 வரை அதற்குச் சரியான பதில் யாரிடமும் இல்லை. எலும்பின் பொந்தை நிரப்பும் கொழுப்பு, எலும்புக்கான தீனி என்றே மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு, அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்ற நோய்க்கூறியல் பேராசிரியர் மனித எலும்புகளையும் முயல் எலும்புகளையும் நசுக்கிப் பிழிந்து, கிடைத்த சாற்றை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். அந்த நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராத். வளர்ந்தவர்களின் ரத்தத்தில் காணக் கிடைக்காத, உட்கரு கொண்ட சிவப்பணுக்கள் அந்தச் சாற்றில் நிறைந்திருந்தன. ரத்தம் பிறக்கும் இடம் இதுதான் என்று நாய்மன் எழுதினார். அதே ஆண்டில் இத்தாலியில் ஜூலியோ பிட்சொட்செரோவும் தனியாக இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த அடி இன்னும் முக்கியமானது. லுகேமியா என்ற பெயர் அப்போது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. 1845இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோவும் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும், ரத்தம் வெளுத்துப்போய் இறந்த நோயாளிகளைப் பற்றி ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுதியிருந்தார்கள். 1847இல் விர்ச்சோ அந்தப் பெயரைச் சூட்டினார். நோயின் வேர் மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் இருப்பதாகவே கருதப்பட்டது. 1870இல் நாய்மன் லுகேமியாவால் இறந்த ஒருவரின் எலும்பைப் பிளந்து பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய மஜ்ஜை அழுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருந்தது. ரத்தத்துக்கு ஓர் ஊர் உண்டு, நோய் அந்த ஊரில்தான் தொடங்குகிறது என்பது அன்றைக்கே எழுத்தில் பதிவாகிவிட்டது.

இருந்தும், பின்வந்த ஆய்வுக்கூடங்கள் அதை மறந்தே வேலை செய்தன. காரணம் எளிது. ரத்தம் திரவம். ஊசி போட்டால் வந்துவிடும், குப்பியில் ஊற்றினால் மிதக்கும். மார்பகக் கட்டியையோ ஈரல் கட்டியையோ ஆராய்கிறவருக்கு அந்த உறுப்பின் வடிவம் கண்முன்னே நிற்கும். ரத்தப் புற்றை ஆராய்கிறவருக்கு அப்படி எதுவும் நிற்காது. மிதக்கும் செல்லுக்கு வீடு எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். அந்த வீட்டை ஆய்வுக்கூடத்தில் திரும்பக் கட்ட நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. கட்டும் வேலை இன்னும் முடியவில்லை.

உடம்புக்கு வெளியே திசுவை வளர்க்கும் கலை தொடங்கியதே ஓர் உறைவுக்குள்தான். 1907இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவிலிருந்து நரம்புத் திசுவின் துணுக்கை எடுத்துத் தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் இட்டு, கண்ணாடி வில்லையில் தலைகீழாகத் தொங்கவிட்டார். நிணநீர் தயிர்போல் உறைந்தது. அந்த உறைவின் நடுவே நரம்பு இழை நீண்டு வளர்வதை அவர் கண்ணால் பார்த்தார். நீளம், அகலம், உயரம் மூன்றும் கொண்ட வளர்ப்பு அது. பிறகு வந்தவர்களுக்கு எண்ணிக்கையும் வேகமும் தேவைப்பட்டன. திசுவை நொதியால் செல் செல்லாகப் பிரித்துக் கண்ணாடித் தரையிலும், பின்னாளில் பிளாஸ்டிக் தரையிலும் பரப்பினார்கள். 1951இல் பால்டிமோரில் ஜார்ஜ் கை வளர்த்த ஹீலா செல்கள் இந்தத் தட்டை உலகத்தின் நாயகர்கள். கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த அவை தரையில் ஒட்டிக்கொண்டு பெருகின. ரத்தச் செல்களோ ஒட்டவுமில்லை, பெருகவுமில்லை. சில நாள்களில் செத்துப்போயின.

ஆகவே மருந்துகளை எதில் சோதிப்பது என்பதே சிக்கலாயிற்று. 1947 முடிவிலும் 1948 தொடக்கத்திலும் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், லுகேமியா வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதைப் பதிவு செய்தார். அந்த மருந்தைத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தச் சோதனைக்கு முன்னோட்டம் பார்க்க மனித லுகேமியாச் செல் உள்ள ஒரு கிண்ணம்கூட அப்போது உலகில் கிடையாது. சில ஆண்டுகளில் எலிகள் அந்த இடத்துக்கு வந்தன. எல்1210 என்ற எலி லுகேமியாவைச் சுமந்த எலிகள்தான் 1950களின் நடுவிலிருந்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மருந்துச் சல்லடையாக நெடுங்காலம் இருந்தன.

மனித ரத்தப் புற்றுச் செல் முதன்முதலில் கிண்ணத்தில் நிலைத்தது ஆப்பிரிக்காவின் தயவால். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வேலைபார்த்த ஐரிஷ் அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வீங்கிப் புடைக்கும் ஒருவகைக் கட்டியைப் பற்றி 1958இல் எழுதினார். 1961இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டீன், இதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்கும் என்று பிடித்துக்கொண்டார். கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்கு வரத் தொடங்கின. இரண்டு ஆண்டுகள் ஓடின, பலன் இல்லை. 1963 டிசம்பரில் ஒருநாள் லண்டனில் கடும் பனிமூட்டம். விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தபோது குப்பியில் இருந்த திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா விழுந்து கெட்டுப்போயிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எப்ஸ்டீன் கீழே கொட்டும் முன் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா அல்ல. கட்டியிலிருந்து உதிர்ந்து, உயிரோடு மிதந்துகொண்டிருந்த, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றின் செல்கள்.

அப்படியே மிதக்கவிட்டு வளர்த்துப் பார்ப்போமே என்று அவருக்குத் தோன்றியது. செல்கள் பெருகின. 1964 பிப்ரவரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றுக்குள் வைரஸ் தெரிந்தது. இன்று எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். அதே காலத்தில் நைஜீரியாவின் இபாதானில் பல்வர்டாஃப்ட் என்பவரும் பர்கிட் லிம்போமாவிலிருந்து நிரந்தரமாகப் பெருகும் ஒரு செல் வரிசையை நிலைநிறுத்தியிருந்தார்.

பனிமூட்டம் செய்த உபகாரத்தில் ஓர் உபத்திரவமும் ஒளிந்திருந்தது. மிதந்தபடியே வாழத் தெரிந்த செல்கள் மட்டும்தான் கிண்ணத்தில் தேறின. 1970இல் டென்னசியில் எடுக்கப்பட்டு 1975இல் அறிவிக்கப்பட்ட கே562 செல் வரிசை, நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு பெண்ணின் நுரையீரலைச் சூழ்ந்த நீரிலிருந்து வந்தது. 1977இல் வந்த ஹெச்எல்-60, ஓடும் ரத்தத்திலிருந்து எடுத்தது. ஊரைவிட்டு எப்போதோ கிளம்பிவிட்ட, போகும் இடத்தில் பிழைத்துக்கொள்ளும் செல்கள் இவை. இவற்றைப் பார்த்து மஜ்ஜைக்குள் நடப்பதை ஊகிப்பது, கோயம்பேடு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு ஒரு கிராமத்தின் வாழ்க்கையை எழுதுவது மாதிரி. 1990இல் எலிகளுக்குப் பதிலாக அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அமைத்த 60 செல் வரிசைகளின் தொகுப்பில் ரத்தப் புற்றுகளுக்கு இடம் 6. கே562, ஹெச்எல்-60 இரண்டும் அதில் உண்டு.

மஜ்ஜையின் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்தவர்கள் டொரண்டோவில் இருந்தார்கள். உயிர் இயற்பியலாளர் ஜேம்ஸ் டில், மருத்துவர் எர்னஸ்ட் மெக்கல்லக். எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அவற்றின் மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறு எலியின் மஜ்ஜைச் செல்களை ஊசியில் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்த மெக்கல்லக் எலிகளின் மண்ணீரலில் முண்டு முண்டாகப் புடைப்புகளைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தால், செலுத்திய செல்களின் அளவுக்குத் தக்கபடி புடைப்புகளும் கூடின. ஏறக்குறைய பத்தாயிரம் செல்லுக்கு ஒரு புடைப்பு. 1961இல் வெளியான இந்தக் கணக்கு, ரத்தச் செல்களுக்கெல்லாம் தாயான ரத்த ஸ்டெம் செல் என்ற ஒன்று இருக்கிறது என்பதற்கான முதல் திடமான சான்று. ஆனால் விதை முளைக்க அவர்கள் எலியின் மண்ணீரலையே வயலாக்க வேண்டியிருந்தது. கிண்ணம் இன்னும் தரிசாகவே கிடந்தது.

தரிசை மாற்றியது கடல்பாசி.

ரம்ஜான் மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து வில்லை வில்லையாக வெட்டி வைக்கும் கடல்பாசி இனிப்புக்கும் ரத்தப் புற்று ஆராய்ச்சிக்கும் பொதுவான பொருள் அகர். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் இதைக் காய்ச்சி எடுக்கலாம். அகர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த வழியும் சமையலறை வழிதான். 1881இல் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, வெயில் காலத்திலும் உருகாத தன் ஜெல்லியின் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

1960களில் மெல்பர்னில் ரே பிராட்லி, எலி லுகேமியாச் செல்களை நீர்த்த அகரில் வளர்க்க முயன்றார். எதிர்பார்த்த லுகேமியா வளரவில்லை. துணைக்கு என்று சேர்த்த சாதாரண மஜ்ஜைச் செல்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகின. அவரும் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தின் டொனால்ட் மெட்காஃபும் 1966இல் இதை வெளியிட்டார்கள். இஸ்ரேலில் டோவ் புளுஸ்னிக்கும் லியோ சாக்ஸும் ஓராண்டு முன்னதாகவே இதே போன்ற காட்சியைக் கண்டிருந்தார்கள். தளர்ந்த அகரில் ஒரு செல் நகர்ந்து ஓடிவிட முடியாது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைச் சுற்றியே, மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக, ஓர் உருண்டையாகச் சேர்ந்துவிடும். எந்தச் செல் எத்தனை பேருக்குத் தாய் என்று எண்ணிவிடலாம். முப்பரிமாண வளர்ப்பின் வரலாற்றைப் புற்றுக்கட்டி ஆராய்ச்சியிலிருந்து தொடங்குகிறவர்கள் பலர். இந்தப் பாசிக் கூழை அவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

கூழுக்குள் செல்கள் தாமாகப் பெருகவில்லை. வேறு செல்கள் சுரந்த ஏதோ ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் பெருகின. அந்த ஏதோ ஒன்றைத் தேடிப் பிரித்தெடுக்க மெட்காஃபுக்கும் அவருடைய சகாக்களுக்கும் 1980கள் வரை ஆனது. அவற்றில் ஒன்றான ஜி-சிஎஸ்எஃப், 1991இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் சரிந்தவர்களுக்கு இன்று எந்தப் புற்றுநோய் மருத்துவமனையிலும் போடப்படும் ஊசி.

சுரப்பு மட்டும் போதுமா, சுரக்கும் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டுமா? மான்செஸ்டரின் பேட்டர்சன் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் டெக்ஸ்டர் 1970களில் எடுத்த கேள்வி இது. ஹங்கேரியில் பிறந்த லாஸ்லோ லாய்தா அதன் இயக்குநர். மஜ்ஜையிலிருந்து ரத்தச் செல்களை மட்டும் சலித்தெடுக்கும் வழக்கத்தை டெக்ஸ்டர் கைவிட்டார். எலி மஜ்ஜையை அப்படியே குடுவையில் போட்டார். உடல் வெப்பமான 37 டிகிரிக்குப் பதிலாக 33 டிகிரியில் வைத்தார். வழக்கமான கன்றுக்குட்டிச் சீரத்தை விட்டுக் குதிரைச் சீரம் சேர்த்தார். மூன்று வாரத்தில் குடுவையின் தரையில் ஒரு விரிப்பு படிந்தது. நார்ச்செல்கள், விழுங்கு செல்கள், பெரிய பெரிய கொழுப்புச் செல்கள். அந்த விரிப்பின்மேல் புதிதாக மஜ்ஜையை ஊற்றியபோது, தெருவில் பதித்த உருண்டைக் கற்கள்போல ரத்த ஸ்டெம் செல்கள் அதற்குள் புதைந்து அமர்ந்தன. வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் உயிரோடு இருந்து புதிய ரத்தச் செல்களை உதிர்த்தபடி இருந்தன. 1977இல் டெக்ஸ்டர், ஆலன், லாய்தா மூவரும் இதை வெளியிட்டார்கள்.

விரிப்பு தட்டையானதுதான். முப்பரிமாணம் என்று அதைச் சொல்வது மிகை. ஆனாலும் ஆய்வுக்கூடத்துக்குள் ஊர்க்காரர்களும் சேர்ந்து குடியேறியது அன்றுதான். குதிரைச் சீரத்தின் எந்தத் தொகுதி வேலை செய்யும், எது செய்யாது என்பது மட்டும் ஊகத்துக்குள் அடங்கவில்லை. நல்ல தொகுதி கிடைத்தால் மொத்தமாக வாங்கி உறைபெட்டியில் பதுக்குவது அந்தத் தலைமுறை ஆய்வாளர்களின் வழக்கம்.

அடுத்த ஆண்டே, அதே கட்டடத்தில் பணியாற்றிய ரே ஸ்கோஃபீல்ட் இந்த அண்டைவீட்டு உறவுக்கு ஒரு பெயர் வைத்தார். ஸ்டெம் செல் தன் இளமையைத் தன்னால் காப்பாற்றிக்கொள்வதில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம் காப்பாற்றுகிறது என்றார். அந்த இடத்துக்கு அவர் தேர்ந்த சொல் நிஷ். சிலையோ விளக்கோ வைக்கச் சுவரில் விடும் குழிக்கு ஐரோப்பியர் சொல்லும் பெயர் அது. தமிழ் வீட்டில் மாடக்குழி. மாடத்தில் இருக்கும்வரை அகல் அணையாது, முற்றத்துக்கு எடுத்துவந்தால் காற்று அடித்துவிடும். 2003இல் இரண்டு குழுக்கள் எலும்பை உருவாக்கும் செல்களே அப்படியொரு மாடமாக இருப்பதை எலிகளில் காட்டும்வரை, கால் நூற்றாண்டுக்கு இது ஒரு கருதுகோளாகவே இருந்தது.

டெக்ஸ்டரின் குடுவை லுகேமியாவில் ஒரு வேடிக்கையைக் காட்டியது. கனடாவின் வான்கூவரில் கோனி ஈவ்ஸ், ஆலன் ஈவ்ஸ் குழு, நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் மஜ்ஜையை அந்த முறையில் வளர்த்தது. இந்த நோயின் அடையாளமான பிலடெல்பியா குரோமோசோம் 1960இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்ததால், நோய்ச்செல் எது, நல்லது எது என்று பிரித்தறியலாம். வாரங்கள் போகப் போக நோய்ச்செல்கள் குறைந்தன. அதுவரை கண்ணில் படாத ஆரோக்கியமான செல்கள் தலைகாட்டின. நோயாளியின் எலும்புக்குள் நல்ல விதைகள் இன்னும் பதுங்கியிருக்கின்றன என்பது 1983இல் இப்படித் தெரியவந்தது. அப்படியானால் நோயாளியின் மஜ்ஜையை எடுத்துக் கிண்ணத்தில் சில நாள் வைத்துச் சுத்தமாக்கி அவருக்கே திருப்பிக் கொடுக்கலாமே? மான்செஸ்டரிலும் வான்கூவரிலும் அதையும் செய்து பார்த்தார்கள். வான்கூவரில் கெடு பத்து நாள். ஆய்வுக் கருவியாக இருந்த குடுவை கொஞ்ச காலம் சிகிச்சையாகவே மாறியது. பிறகு 2001இல் இமாடினிப் மாத்திரை வந்து இந்த நோயின் கதையையே மாற்றியதும், பத்து நாள் குடுவை ஓரங்கட்டப்பட்டது.

இமாடினிப்பின் வெற்றியே அடுத்த கேள்வியைக் கிளப்பிற்று. மாத்திரையால் நோயின் சுவடே தெரியாமல் போன 100 பேரிடம் பிரான்சில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஓராண்டாவது தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேரிடம் நோய் திரும்பியது. எங்கோ சில செல்கள் மருந்துக்குத் தப்பி உட்கார்ந்திருக்கின்றன. இடம் கொடுக்கும் பாதுகாப்பு எத்தகையது என்பதற்கு 1999இலேயே ஒரு சோதனை வந்திருந்தது. மஜ்ஜையில் வளரும் ரத்தப் புற்றான மைலோமாவின் செல்களை ஃபைப்ரோநெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தின்மேல் ஒட்டவைத்தால், மிதக்கும்போது கொன்ற அதே மருந்தை அவை தாங்கிக்கொண்டன. மரபணுவில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்ததே போதும்.

கிண்ணத்துக்கும் எலும்புக்கும் இருந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றாகக் கணக்கில் வந்தன. மஜ்ஜை மெத்தென்றது. பாலிஸ்டைரின் தட்டு அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் கடினம். மஜ்ஜையின் உள்மூலைகளில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இன்குபேட்டருக்குள் இருப்பதோ வெளிக்காற்றில் உள்ள அதே 20 சதவீதத்துக்கு அருகில். கட்டில், காற்று, அண்டைவீட்டார் மூன்றும் தவறாக இருக்கும் இடத்தில் மருந்தைச் சோதித்துவிட்டு, நோயாளியிடம் அது பலிக்கவில்லையே என்று வியப்பதில் அர்த்தமில்லை.

அதன்பிறகு நடந்ததைக் கட்டட வேலை என்றே சொல்லலாம். 2008இல் கனடாவின் எட்மன்டனில் ஜூலியா கிர்ஷ்னர், லிண்டா பிலார்ஸ்கி குழு மைலோமா நோயாளிகளின் மஜ்ஜைக்கு இரண்டடுக்கு வீடு கட்டியது. எலும்பின் உட்சுவரைப்போல கீழே கொல்லாஜனும் ஃபைப்ரோநெக்டினும் பூசிய தளம், மேலே மேட்ரிஜெல் என்ற கூழ். கிண்ணத்தில் பெருகவே மறுத்த நோயாளிகளின் மைலோமாச் செல்கள் அதில் பெருகின. மேட்ரிஜெலின் பூர்வீகம் தெரிந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அது எலிக்கு வரும் ஒரு புற்றுக்கட்டியின் சாறு. மனிதப் புற்றை வளர்க்க எலிப் புற்றின் மெத்தை. தொகுதிக்குத் தொகுதி அதன் கலவை மாறுவதால், குதிரைச் சீரத்தின் தலைவலி வேறு பெயரில் திரும்பி வந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மண்டலாரிஸ், பனோஸ்கால்ட்சிஸ் குழுவினர் கூழை விட்டு, கொத்தனார்கள் சொல்கிற மாதிரி சாரம் கட்டினார்கள். பாலியூரித்தேன் பஞ்சின் துளைகளில் கொல்லாஜனைப் பூசி, அதில் தீவிர மைலாய்டு லுகேமியாச் செல்களைக் குடியேற்றிய வேலை 2010இல் வெளியானது. இத்தாலியின் பாவியாவில் அலெசாண்ட்ரா பால்டுயினி, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் கேப்லனுடன் சேர்ந்து பட்டுப்புழுக் கூட்டின் புரதத்தால் மஜ்ஜையை நெய்தார். அந்தப் பட்டு மஜ்ஜை தட்டணுக்களை உதிர்த்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அங்கூர் சிங் குழு லிம்போமாவுக்கு என்று தனிக் கூழ் செய்தது. அதன் பிடிமானத்தை விரும்பியபடி மாற்றலாம்.

இவற்றில் எளிமையால் மனதைக் கவர்வது 2015இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அப்தெல் கரீம் அசாப் குழு செய்தது. நோயாளியின் மஜ்ஜையை எடுக்கும்போதே கூடவரும் பிளாஸ்மாவில் கால்சியத்தைச் சேர்த்தார்கள். அதிலுள்ள ஃபைப்ரினோஜன் உறைந்து கூழானது. எலியும் இல்லை, பஞ்சும் இல்லை. நோயாளியின் செல்களுக்கு நோயாளியின் சொந்த உறைவே வீடு. ஹாரிசனின் தவளை நிணநீர்த் துளிக்கு அறிவியல் 108 ஆண்டுக்குப் பின் திரும்பி வந்திருந்தது.

ஆரவாரத்தோடு வந்தது ஹார்வர்டின் வீஸ் நிறுவனம். டொனால்ட் இங்பரும் யூசுகே டோரிசாவாவும் 2014இல் அறிவித்த மஜ்ஜைச் சில்லின் தயாரிப்பு முறை சற்றுக் குறுக்குவழி. சிலிக்கோன் வளையம் ஒன்றுக்குள் எலும்புத் தூளும், எலும்பை வளரத் தூண்டும் புரதமும் கலந்த கொல்லாஜனை நிரப்பி, எலியின் முதுகுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். எட்டு வாரத்தில் வளையத்துக்குள் எலும்பும், அதன் நடுவே அசல் மஜ்ஜையும் விளைந்தன. வளையத்தை வெளியே எடுத்து, திரவம் ஓடும் நுண் வாய்க்கால்கள் கொண்ட சில்லில் பொருத்தினார்கள். குறைந்தது ஒரு வாரம் அது மஜ்ஜையாகவே நடந்துகொண்டது. கதிர்வீச்சு பட்டால் நலிந்தது. ஜி-சிஎஸ்எஃப் கொடுத்தால் தேறியது. மெல்பர்னின் பாசிக் கூழில் தொடங்கிய மருந்து, மஜ்ஜையைப் போலி செய்யும் கருவிக்கே பரீட்சை வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 2020இல் அதே நிறுவனம் மனிதச் செல்களை மட்டும் கொண்டு, எலி முதுகின் உதவியில்லாமல், இன்னொரு சில்லைச் செய்தது.

ஆர்கனாய்டு என்ற குட்டி உறுப்பு ரத்தத்துக்கு வந்தது கடைசியில். 2009இலேயே நெதர்லாந்தில் தோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் குடலை அப்படி வளர்த்துக் காட்டியிருந்தார்கள். மஜ்ஜைக்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் பிடித்ததில் வியப்பில்லை. குடலின் சுவர் தானே தன்னை மடித்துக்கொள்ளும். மஜ்ஜையில் ரத்தக்குழாய், நார்ச்செல், ரத்தச் செல் என்று வெவ்வேறு வம்சத்தார் ஒரே நேரத்தில் உருவாகி ஒருவரையொருவர் தேடிப்பிடிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் அப்துல்லா கானும் பெதன் சைலாவும் இதற்கு ஜப்பானிய ஆய்வாளர் யமனகா காட்டிய வழியில் போனார்கள். முதிர்ந்த மனிதச் செல்லைக் கருநிலைக்குத் திருப்பிய தூண்டப்பட்ட ஸ்டெம் செல்களை எடுத்து, கொல்லாஜனும் மேட்ரிஜெலும் கலந்த கூழில் படிப்படியாக வழிநடத்தினார்கள். கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் அந்த உருண்டைக்குள், உள்ளே குழிந்த ரத்தக்குழாய்களும் அவற்றை ஒட்டித் தட்டணுக்களின் தாய்ச்செல்களும் இருந்தன. நோயாளிகளின் மைலோமாச் செல்களை, கிண்ணத்தில் விட்டால் சீக்கிரம் மடிந்துவிடும் செல்களை, அதற்குள் விட்டபோது அவை குடியேறி உயிர்வாழ்ந்தன. மஜ்ஜை நாராக இறுகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸ் நோயையும் அந்த உருண்டையில் வரவழைக்க முடிந்தது. இது 2023இல் அச்சில் வந்தது. மறு ஆண்டு மியூனிக்கில் கிறிஸ்டோஃப் கிளைன் குழுவினரும் தங்கள் மஜ்ஜை ஆர்கனாய்டை வெளியிட்டார்கள்.

சட்டமும் இதற்குள் இளகியிருந்தது. புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்கும் முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற அமெரிக்க விதி 2022 டிசம்பரில் தளர்த்தப்பட்டு, உறுப்புச் சில்லுகளும் செல் மாதிரிகளும் மாற்றுச் சான்றாக ஏற்கப்பட்டன. சட்டப் புத்தகத்தில் இடம் கிடைத்த அளவுக்கு மருத்துவமனையில் இன்னும் கிடைத்துவிடவில்லை. ஒரு நோயாளியின் மஜ்ஜையைக் கூழில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து, அதன்படி சீட்டு எழுதுவது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. முழு ரத்த ஓட்டமோ நரம்போ இந்த மாதிரிகளில் இல்லை.

அதைவிட விநோதமான ஒரு குறை வயது. தீவிர மைலாய்டு லுகேமியாவும் மைலோமாவும் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்களின் நோய்கள். தூண்டப்பட்ட ஸ்டெம் செல்லிலிருந்து வளரும் மஜ்ஜையோ பிறக்காத சிசுவின் மஜ்ஜைக்கு நெருக்கமானது. தாத்தாவின் நோயைப் பேரனின் வீட்டில் வைத்துப் பார்ப்பதாகிறது. முதியவரின் மஜ்ஜையில் கொழுப்புச் செல்கள் நிறைந்திருக்கும், ஆர்கனாய்டில் அவை சொற்பம். டெக்ஸ்டரின் பழைய குடுவையில் இருந்த அந்தக் கொழுத்த செல்களை வேண்டாத சுமையாகப் பார்த்த காலம் போய், இப்போது அவற்றையே தேடுகிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிஷேலா ரீகன் குழுவினர் பட்டுச் சாரத்தில் மஜ்ஜைக் கொழுப்பை வளர்த்து, அதன் பக்கத்தில் மைலோமாச் செல்களை வைத்து என்ன ஆகிறது என்று கவனித்துவருகிறார்கள்.

நாய்மன் இதையும் பார்த்திருந்தார். பிறக்கும்போது எல்லா எலும்பிலும் மஜ்ஜை சிவப்பு. வயது ஏற ஏற அந்தச் சிவப்பு கைகால்களின் நுனியிலிருந்து நடு உடலை நோக்கிப் பின்வாங்க, காலியான இடத்தில் மஞ்சள் கொழுப்பு வந்து நிறையும். 1882இல் அவர் இதை விதியாகவே எழுதினார், அவர் பெயராலேயே அது வழங்குகிறது. குழம்பில் கிடக்கும் நல்லியிலிருந்து வழுக்கி வருவதில் பெரும்பகுதி அந்த மஞ்சள்தான்.